முற்றத்துக்கு ஒரு நந்தியாவட்டை

வைகறையிற் பூசைக்குப் பூக்கொய்தல் யாழ்ப்பாணத்து இல்லங்களின் பழைய வழக்கம். அதற்கான செடிகளுள், சிறு வளவுக்கும் ஏற்றது நந்தியாவட்டையே என்போம்.

வற்றாத ஆறு இல்லாத குடாநாடு நமது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரியைச் சுண்ணாம்புப் பாறை தேக்கிவைக்க, அதனையே ஆண்டு முழுவதும் கிணற்றில் இறைக்கிறோம். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர்நீர் புகுந்து கிணறு கெடும். ஆதலின் பூஞ்செடிக்கும் நீரை அளந்தே வார்த்தல் வேண்டும். நன்கு வேரூன்றிய நந்தியாவட்டை ஓரளவு வறட்சியைத் தாங்கும்; என்றும் பசுமை மாறாது.

மாரி தொடங்கியதும், பென்சிற் பருமனான முற்றிய கிளையைக் கணுவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்தில் வெட்டுக. பால் உலர்ந்தபின், எருவும் மணலுங் கலந்த மண்ணிற் பாதி புதையுமாறு ஊன்றி, நிழலில் வைக்க. வேர்விட்டபின் வெயில் படும் இடத்தில் நடுக. சோளகம் வீசும் கோடையில் அடியிற் சருகு பரப்பி, அரிசி கழுவிய நீரை வார்த்தால் ஈரம் நிற்கும். நுனிகளைக் கத்தரித்துவரின் செடி இடுப்பளவில் அடர்ந்து நிற்கும். பால் நஞ்சுடையது, சிறுவரின் கண்ணிலும் வாயிலும் படாமற் காத்தல் நம் கடன்.

அடுக்கிதழ்ப் பூவே இரவில் மிக மணக்கும். அயல்வீட்டில் அஃதிருந்தால், வரும் மாரிக்கு ஒரு கிளை கேட்டுப் பெறுவோம்.