எண்ணெய்த் தொட்டி தந்த பாடம்

ஜீப் வண்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1941ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் போர்ப் பணிக்காகப் பெருவாரியாகச் செய்யப்பட்ட வண்டி அது. எஞ்சினின் விசை நான்கு சக்கரங்களுக்கும் செல்வதால், பிற வண்டிகள் தயங்கும் மேட்டிலும் சேற்றிலும் அது ஏறிச் செல்லும். அவ்வகையைச் சேர்ந்த பழைய வண்டி ஒன்று என்னிடம் உண்டு. அதன் எண்ணெய்த் தொட்டியை வீட்டிலேயே செப்பனிட முயன்று, முதலில் தோற்றுப் பின்னர் வென்ற கதையை இன்று சொல்ல விரும்புகிறேன்.

எஞ்சினின் அடியில் போல்ட்டுகளால் பொருத்தப்பட்டிருக்கும் மெல்லிய இரும்புத் தகட்டுத் தொட்டியே அது. ‘ஆயில் சம்ப்’ என்று பட்டறைகளில் கூறுவர். அதிலுள்ள எண்ணெயைப் பம்பு உறிஞ்சி, சுழலும் உறுப்புகளுக்கு அனுப்புகிறது. அங்கே எண்ணெய் மெல்லிய படலமாக நின்று, உலோகம் உலோகத்தைத் தொடாதபடி காக்கிறது. பிறகு தொட்டிக்கே வடிந்துவிடுகிறது. தொட்டி வற்றினால் படலம் அறும். பேரிங்குகள் சூடேறித் தேயும். முடிவில் எஞ்சினே இறுகி நின்றுவிடும்.

ஒருநாள் கொல்லிமலையில் மண்பாதை ஒன்றில் சென்றபோது, கல் ஒன்று வண்டியின் அடியில் மோதியது. சிறிது நேரத்தில் எண்ணெயின் அழுத்தத்தைக் காட்டும் முள் தாழக் கண்டேன். உடனே எஞ்சினை நிறுத்தினேன். இறங்கிப் பார்த்தால், மண்ணில் கரிய எண்ணெய் தேங்கி நின்றது. ‘இன்னும் சிறிது தூரந்தானே’ என்று ஓட்டியிருந்தால், தொட்டியோடு எஞ்சினையும் இழந்திருப்பேன். வேறொரு வண்டியின் துணையால் வீடு சேர்ந்தேன்.

மறுநாள் வேலையைத் தொடங்கினேன். சமதளத்தில் வண்டியை நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தேன். ஜாக்கியால் தூக்கியபின், சட்டத்தின் கீழ் உறுதியான இரும்புத் தாங்கிகளை வைத்தேன். இதனை நீங்கள் மறவாதீர்கள்: ஜாக்கி தூக்குவதற்கே உரியது, தாங்குவதற்கு அன்று. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் படுப்பவன் தன் உயிரைப் பணயம் வைக்கிறான். சட்டத்தை உயர்த்தியதால் முன்னச்சு சற்றே கீழிறங்கி, தொட்டியைக் கழற்ற இடமும் கிடைத்தது.

கழற்றிய தொட்டியை மண்ணெண்ணெயால் கழுவி, ஈரமும் வாடையும் நீங்கும்வரை நன்றாக உலர்த்தினேன். வெடிப்பைப் பற்றவைப்பவரிடம் கொடுத்து அடைத்து வந்தேன். புதிய கார்க் பேக்கிங் வைத்து, என் தோள்வலிமை முழுவதையும் காட்டி போல்ட்டுகளை முடுக்கினேன். மறுநாட் காலையில், கீழே விரித்திருந்த தாளில் எண்ணெய்த் துளிகள்! இன்னும் முடுக்கினேன், கசிவு மிகுந்தது.

காரணம் என்ன? தகடு மெல்லியது. மிகுதியாக முடுக்கும்போது, துளையைச் சுற்றிய பகுதி மேல்நோக்கிப் புடைக்கிறது. போல்ட்டின் அருகே கார்க் நசுங்குகிறது; இரு போல்ட்டுகளின் இடையிலோ போதிய அழுத்தமின்றித் தளர்ந்து நிற்கிறது. எண்ணெய்க்கு அதுவே வாயில். தொட்டியை மீண்டும் கழற்றி, அதன் விளிம்பின்மேல் இரும்பு அளவுகோலை நிறுத்தி வெளிச்சத்தில் பார்த்தேன். துளைகளின் இடையிலெல்லாம் ஒளிக்கீற்று தெரிந்தது.

விளிம்பைத் தட்டையான இரும்புக் கட்டையின்மேல் வைத்துப் புடைப்புகளைச் சுத்தியலால் மெல்லத் தட்டிச் சமன் செய்தேன். புதிய பேக்கிங் இட்டு, எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் கையாலேயே திருகினேன். பிறகு நடுவிலிருந்து இருபுறமும் மாறி மாறி, சிறிது சிறிதாக முடுக்கினேன். கார்க் சற்றே பிதுங்கியதும் நிறுத்தினேன். வடிகுழாய்த் திருகுக்குப் புதிய செப்பு வாஷர் இட்டேன். எண்ணெய் ஊற்றி எஞ்சினை ஓடவிட்டு, அழுத்தமுள் உயர்வதைக் கண்ட பின்னரே ஆறுதல் கொண்டேன். வடித்த பழைய எண்ணெயைச் சாக்கடையில் கொட்டவில்லை. அது நீரையும் நிலத்தையும் கெடுக்கும். தகரத்தில் அடைத்து, மறுசுத்திகரிப்புக்கு வாங்குவோரிடம் சேர்த்தேன்.

கசிவை நிறுத்துவது விசையின் மிகுதி அன்று. அது எங்கும் சமமாகப் பரவுவதே. அழுத்தம் என்பது பரப்பைப் பொறுத்தது என்று பள்ளியில் நான் மனப்பாடம் செய்ததுண்டு. அதன் பொருளை எனக்கு விளக்கியது அந்தத் தகட்டுத் தொட்டிதான். அடுத்த நாட் காலையில், வண்டியின் கீழ் விரித்த தாள் விரித்தபடியே வெள்ளையாக இருந்தது.