வெள்ளமும் வறட்சியும் ஒரே ஊரில்: நீர் மேலாண்மை படிக்கலாமா?

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. 2019 ஜூனில் ஏரிகள் வறண்டு, தண்ணீர் லாரிக்காக மக்கள் குடத்தோடு காத்து நின்றார்கள். இடையில் மூன்றரை வருஷம்தான்! அப்போ பிரச்சினை மழை மட்டும் இல்லை. வந்த மழையை எங்கே தேக்குறோம், எப்படிப் பங்கிடுறோம் என்பதும்தான்.

என்ன படிப்பாங்க?
பெய்த மழையில் எவ்வளவு ஓடும், எவ்வளவு நிலத்துக்குள் இறங்கும் என்ற கணக்கு, நிலத்தடி நீர், கழிவுநீர் சுத்திகரிப்பு, செயற்கைக்கோள் படங்களைப் பயன்படுத்துவது.

எங்கே?
சென்னை ஐஐடி சிவில் துறை, அண்ணா பல்கலைக்கழக நீர்வள மையம் ஆகியவற்றில் முதுநிலைப் படிப்புகள் உண்டு. ஐஐடி எம்.டெக். சேரப் பொதுவாக கேட் மதிப்பெண் வேண்டும்.

சேரும் முன் பாடத்திட்டத்தைப் பாருங்க. பெயர் ஒன்றாக இருந்தாலும், ஓரிடத்தில் பொறியியல் கணக்கு அதிகம். இன்னோரிடத்தில் சட்டமும் நிர்வாகமும் அதிகம். உங்களுக்கு எது வரும்னு முடிவு பண்ணிட்டு விண்ணப்பிங்க.