துடுப்பை எதில் மாட்டுவது?

ரிஷிகேஷில் கங்கையிலோ, இலங்கையின் கித்துல்கலவில் களனி ஆற்றிலோ ராஃப்டிங் போனவர்கள் ஆளுக்கொரு சிறு துடுப்பை வாங்கிக்கொண்டு ரப்பர் படகின் விளிம்பில் உட்கார்ந்திருப்பார்கள். பின்னால் இருக்கும் வழிகாட்டி குரல் கொடுக்க, ஆறேழு பேரும் சேர்ந்து தண்ணீரைத் தள்ளுவார்கள். அந்தத் துடுப்பு படகில் எங்கேயும் மாட்டப்பட்டிருக்காது. வலிப்பவரின் இரண்டு கைகள்தான் அதற்குத் தாங்கல்.

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் ஓடும் கொலராடோ ஆற்றில் இது மட்டும் போதாது. லீஸ் ஃபெர்ரி என்ற துறையில் படகை இறக்கினால், டயமண்ட் கிரீக் வரை சுமார் 225 மைலுக்கு (ஏறத்தாழ 360 கிலோமீட்டர்) ஆற்றங்கரைக்கு வரும் வண்டிப்பாதை கிடையாது. துடுப்பு வலித்துப் போகிறவர்களுக்கு இரண்டு வாரமாவது பிடிக்கும். அத்தனை நாளுக்கான அரிசி, மாவு, ஐஸ் பெட்டி, கூடாரம், அடுப்பு, மருந்து எல்லாம் படகில்தான் வரவேண்டும். பயணிகளின் மலத்தைக்கூடக் கரையில் விடக் கூடாது. பெட்டியில் அடைத்துத் திரும்ப எடுத்து வரவேண்டும் என்பது அங்கே விதி. இத்தனையும் ஏற்றிய 18 அடி ரப்பர் படகு ஒரு டன்னை நெருங்கும். அதைப் பெரும்பாலும் ஒரே ஆள், பத்துப் பதினோரு அடி நீளமுள்ள இரண்டு துடுப்புகளால் ஓட்டுகிறார்.

இவ்வளவு நீளமான துடுப்பை வெறுங்கையால் தாங்க முடியாது. படகின் மேல் கட்டிய அலுமினியக் குழாய்ச் சட்டத்தில் அதை எங்கேயாவது மாட்டியாக வேண்டும். எதில், எப்படி மாட்டுவது என்பதில் அமெரிக்க ஆற்றுப் படகோட்டிகளுக்குள் பல பத்தாண்டுகளாக வாக்குவாதம் நடக்கிறது. வெளியே நின்று பார்த்தால் ஒரு திருகாணி விவகாரமாகத்தான் தெரியும். ஆனால் அந்தச் சிறிய உலோகத் துண்டிடம் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வேலைகளைக் கேட்கிறோம். துடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். வேளை வரும்போது விட்டுவிடவும் வேண்டும்.

முகத்தைத் திருப்பிய மனிதர்

1869இல் ஜான் வெஸ்லி பவல் ஒன்பது பேரோடு நான்கு மரப்படகுகளில் கொலராடோ ஆற்றின் பள்ளத்தாக்குகளை அளக்கக் கிளம்பினார். துறைமுகத்துக்கும் ஏரிக்கும் ஏற்ற படகுகள் அவை. துடுப்பு வலிப்பவர்கள் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நீரோட்டத்தைவிட வேகமாகப் போக முயன்றார்கள். அமைதியான நீரில் அது சரியான முறை. பாறைகளுக்கு நடுவே நுரை பொங்கும் பாய்ச்சலில் எதிரே என்ன வருகிறது என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. லொடோர் பள்ளத்தாக்கிலேயே ஒரு படகு உடைந்து போனது. மூன்று மாதம் கழித்துப் பயணம் முடிந்தபோது மிஞ்சியவை இரண்டு படகுகள், ஆறு பேர்.

1890களில் யூட்டாவைச் சேர்ந்த நதானியேல் காலவே என்பவர் இதை மாற்றினார். பொறி வைத்து விலங்கு பிடித்துத் தோல் விற்றுப் பிழைத்தவர் அவர். அடி தட்டையாக, இரு முனையும் மேலெழும்பிய இலேசான படகைக் கட்டினார். ஆறு போகும் பக்கம் முகத்தை வைத்து உட்கார்ந்தார். நீரோட்டத்தை முந்தப் பார்க்காமல் அதற்கு எதிராகத் துடுப்பு வலித்துப் படகின் வேகத்தைக் குறைத்தார். படகு தண்ணீரைவிட மெதுவாகப் போனால் பாறையைப் பார்க்கவும், படகைச் சற்றே சாய்த்துப் பக்கவாட்டில் ஒதுங்கவும் அவகாசம் கிடைக்கும். இன்றைய ஆற்றுப் படகோட்டிகள் அத்தனை பேரும் கற்றுக்கொள்ளும் முதல் பாடம் இதுதான்.

இந்த முறை வந்த பிறகுதான் துடுப்பு மாட்டும் இடத்தின் அருமை கூடியது. பாறைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நின்று எதிர்த்து வலிக்கிறோம். அந்த நேரத்தில் துடுப்பு நழுவினால் ஒதுங்கும் வாய்ப்பும் அதோடு போய்விடும்.

முப்பது கிலோ கணக்கு

துடுப்பு ஒரு நெம்புகோல். பத்தடித் துடுப்பில் மூன்றில் ஒரு பங்கு படகுக்குள்ளும், மூன்றில் இரண்டு பங்கு வெளியிலும் இருப்பது பொதுவான அளவு. படகோட்டி பிடியை 20 கிலோ விசையோடு இழுத்தால் நீரைத் தள்ளும் தட்டையான முனையில், அதாவது அலகில், சுமார் 10 கிலோதான் விழும். பாதி விசையைக் கொடுத்துவிட்டு இரண்டு மடங்கு வீச்சை வாங்கிக்கொள்கிறோம். நடுவில் தாங்கும் இடத்துக்குச் சலுகை எதுவும் இல்லை. இரண்டு முனைகளின் விசையும் கூடி 30 கிலோவாக அதன் மேல் இறங்குகிறது. துடுப்பின் நீளத்தில் மிக அதிகமாக அடிபடும் புள்ளி இதுதான்.

இது நல்ல நேரத்துக் கணக்கு. அலகு பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டால் கதையே வேறு. ஒரு டன்னை நெருங்கும் படகு நீரோட்டத்தோடு போய்க்கொண்டே இருக்கும், துடுப்பு நின்றுவிடும். அந்த நொடியில் ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். துடுப்பு விடுபடலாம், துடுப்பு முறியலாம், சட்டம் வளையலாம். எதுவும் விடாவிட்டால் துடுப்பின் பிடி படகோட்டியின் நெஞ்சிலோ தாடையிலோ வந்து மோதும். எது முதலில் விடவேண்டும் என்பதை ஆற்றில் இறங்குவதற்கு முன்பே நாம் தீர்மானித்தால், ஆறு நமக்காகத் தீர்மானிக்காது.

திறந்த ஓர்லாக்

பழையது, இன்றும் பரவலாக இருப்பது திறந்த ஓர்லாக். உண்டிவில் கவட்டையைப் போல மேலே இரண்டு கொம்பு, கீழே ஒரு காம்பு. பெரும்பாலும் வெண்கல வார்ப்பு. அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு தடித்த காம்பு சட்டத்தில் உள்ள குழலுக்குள் இறங்கிச் சுழலும். துடுப்பின் தண்டு கொம்புகளுக்கு நடுவில் கிடக்கும். தண்டு தேயாமலிருக்க அந்த இடத்தில் கயிறு சுற்றியிருப்பார்கள், அல்லது பிளாஸ்டிக் உறை போட்டிருப்பார்கள். துடுப்பு வெளிப்பக்கம் நழுவாமல் தடுக்கத் தண்டின் உட்பக்கத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும்.

இதில் துடுப்பு எல்லாத் திசையிலும் சுதந்திரமாக அசையும். உள்ளே இழுக்கலாம், வெளியே தள்ளலாம், தண்டைத் தன் அச்சிலேயே உருட்டலாம். இந்த உருட்டலின் பயன் கிராண்ட் கேன்யனில் பிற்பகல் காற்று கிளம்பும்போது தெரியும். பள்ளத்தாக்கில் ஆற்றுக்கு எதிர்த்திசையில் அடிக்கும் காற்று, ஏற்றிய படகை நின்ற இடத்திலேயே நிறுத்திவிடக் கூடியது. ஒவ்வொரு வலிப்பும் முடிந்து அலகை முன்னால் கொண்டு போகும்போது, மணிக்கட்டைச் சற்றே மடக்கி அலகைப் படுக்க வைத்தால் காற்று அதன் மேலும் கீழும் வழுக்கிப் போகும். நிமிர்ந்த அலகோடு அதே காற்றில் நாள் முழுக்க வலித்தவரின் தோளைக் கேட்டால் வித்தியாசத்தைச் சொல்லும்.

சுதந்திரத்துக்கு விலையும் உண்டு. தண்டு உருளை வடிவம். அலகு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதைக் கைதான் உணர வேண்டும். 179ஆவது மைலில் வரும் லாவா ஃபால்ஸ் போன்ற பாய்ச்சலில் அலை தலைக்கு மேல் எழும்பும்போது, அலகைத் திரும்பிப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. அலகு கொஞ்சம் சாய்வாக இறங்கினால் தண்ணீரைப் பிடிக்காது. வெட்டிக்கொண்டு ஆழத்துக்குப் பாயும். பிடி மேலே எகிறும். வேண்டிய நேரத்தில் வேண்டிய ஒரு வலிப்பு வீணாகும்.

விடுவதைக் கொம்புகளின் இடைவெளி பார்த்துக்கொள்கிறது. அனுபவசாலிகள் புது ஓர்லாக்கை அப்படியே மாட்டுவதில்லை. கொம்புகளைச் சுத்தியலால் தட்டி, வாயைக் கொஞ்சம் நெருக்குவார்கள். உறை இல்லாத மெல்லிய தண்டு வாய் வழியாக உள்ளே நுழைய வேண்டும். பிறகு துடுப்பை நகர்த்தி உறையிட்ட பகுதியைக் கொம்புகளுக்கு நடுவே கொண்டுவந்தால் சாதாரண அசைவில் வெளியே வரக் கூடாது. பாறை பிடித்து இழுக்கும்போது மட்டும் வரவேண்டும். அதிகம் நெருக்கினால் என்ன செய்தாலும் விடாது. நெருக்காமல் விட்டால் ஒரு நல்ல அலைக்கே துடுப்பு துள்ளி வெளியே வந்துவிடும்.

பின்-கிளிப்

இரண்டாவது முறையில் கொம்பு இல்லை. சட்டத்தில் ஒரு எஃகு முளை நிமிர்ந்து நிற்கும். துடுப்பின் தண்டில் வாய் திறந்த எஃகுக் கிளிப் ஒன்றை ஹோஸ் கிளாம்ப் போட்டு இறுக்கியிருப்பார்கள். கிளிப்பை முளையின் மேல் அழுத்தினால் 'சடக்'கென்று கவ்விக்கொள்ளும். அலகு எப்போதும் நீருக்குச் செங்குத்தாகவே நிற்கும். நினைக்க வேண்டாம், உணர வேண்டாம். ஒவ்வொரு வலிப்பும் முழு வலிப்பு. ஐடஹோ மாநிலத்துப் படகோட்டிகளிடம் இது நெடுங்காலம் செல்வாக்கோடு இருந்தது. கனத்த சுமைப் படகை எதிர்த்து வலித்து நிறுத்த வேண்டியவருக்கு இந்த உறுதி பெரிய ஆறுதல்.

கிளிப்பின் எஃகுக்கு ஒரு தாங்கும் எல்லை உண்டு. பாறை அந்த எல்லையைத் தாண்டி இழுத்தால் கிளிப் வாய் விரிந்து முளையை விட்டுவிடும். அதுதான் அதன் பாதுகாப்பு. பலவீனமும் அங்கேயேதான். பாய்ச்சலின் நடுவில் விடுபட்ட துடுப்பைத் திரும்ப முளையில் கவ்வ வைப்பதற்குக் கைப்பழக்கம் வேண்டும். கிளிப் தேய்ந்திருந்தால் பாறையே இல்லாமல், பலமான வலிப்புக்கே கழன்றுவிடும்.

அலகைப் படுக்க வைக்க முடியாது என்பது இதன் அடுத்த குறை. துடுப்பை உள்ளே இழுத்துக்கொள்ளவும் முடியாது. இரண்டு பாறைகளுக்கு நடுவே படகின் அகலம் மட்டுமே போகும் சந்து வந்தால் துடுப்பைப் படகோரமாக முன்னாலோ பின்னாலோ மடக்கிக்கொள்வது ஒன்றே வழி. சிலர் இன்னொன்றையும் சொல்வார்கள்: படகு பாறையில் மோதும்போது நிமிர்ந்து நிற்கும் எஃகு முளையின் மேல் ஆள் விழுந்தால் காயம் சின்னதாக இருக்காது. முளையின் தலையை மொட்டையாக விடாமல் அகலமான மூடி போடச் சொல்வது அதனால்தான்.

நடுவழி

இரண்டையும் பார்த்தவர்கள் மூன்றாவதாக ஒன்றைச் செய்தார்கள். ஓர்-ரைட் என்பது தண்டில் திருகி இறுக்கும் ஒரு பிளாஸ்டிக் துண்டு, பக்கங்கள் தட்டையானவை. அது திறந்த ஓர்லாக்கின் கொம்புகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும்வரை தண்டு உருளாது, அலகு நிமிர்ந்தே இருக்கும். எதிர்காற்று வந்தால் துடுப்பைக் கொஞ்சம் நகர்த்தி, அந்தத் துண்டைக் கொம்புகளுக்கு வெளியே கொண்டுவந்துவிட்டு அலகை உருட்டிக்கொள்ளலாம். சந்து வந்தால் துடுப்பை உள்ளே இழுக்கவும் தடையில்லை. திறந்த ஓர்லாக்கின் பாதிச் சுதந்திரமும் கிளிப்பின் முக்கால் உறுதியும் இதில் கிடைக்கின்றன.

பழைய கைகள் இதை மதிப்பதில்லை. பழகியவர் ஓர்-ரைட் போட்ட துடுப்பைப் பிடித்தால் கை கட்டிப்போட்டது போலிருக்கிறது என்பார். அவர் அலகின் கோணத்தைப் பல வருடம் கையாலேயே அறிந்தவர். மற்றவர்களுக்கு அந்த அறிவு வரும்வரை பிளாஸ்டிக் துண்டு துணைக்கு இருக்கட்டுமே.

ஆற்றில் இறங்கும் முன்

மூன்றில் எதை மாட்டினாலும் கரையிலேயே பார்க்க வேண்டியவை சில உண்டு. ஓர்லாக்கின் காம்பு குழலை விட்டு மேலே எழும்பாமல் தடுக்க, அடியில் ஒரு சிறிய வளையமோ ஊசியோ கோத்திருக்கும். விலை சில ரூபாய்தான். அது கழன்று போனால் ஓர்லாக் முழுவதும் ஆற்றோடு போகும். தினமும் காலையில் விரலால் தொட்டுப் பார்ப்பது நல்லது. மாற்று ஓர்லாக் ஒன்று கருவிப்பெட்டியில் வேண்டும். மாற்றுத் துடுப்பு கைக்கெட்டும் இடத்தில், ஒரே இழுப்பில் அவிழும்படி கட்டியிருக்க வேண்டும். மூட்டைக்கு அடியில் கிடக்கும் துடுப்பு இல்லாத துடுப்புக்குச் சமம்.

துடுப்பைச் சட்டத்தோடு சிறு கயிற்றால் கட்டுவதும் வழக்கம். ஓர்லாக்கிலிருந்து துள்ளிய துடுப்பு ஆற்றோடு போகாமல் இது காப்பாற்றும். ஆனால் இது ஒன்றுதான் விடவே தெரியாத உறுப்பு. படகு கவிழ்ந்தால் தளர்ந்து கிடக்கும் கயிறு காலிலோ கையிலோ சுற்றிக்கொள்ளும். கட்டுவதானால் குட்டையாகக் கட்டுங்கள், சுருள் தொங்க விடாதீர்கள்.

பிடிகளின் உயரமும் இடைவெளியும் அடுத்தது. அலகு நீரில் இருக்கும்போது பிடி நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழே வரவேண்டும். இரண்டு பிடிகளுக்கும் நடுவே போதிய இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் முதல் நாளிலேயே கட்டைவிரல் நசுங்கும்.

எதை வாங்குவது? முதல் தடவை துடுப்பு வலிப்பவர் வெண்கலத் திறந்த ஓர்லாக்கை வாங்கி, துடுப்பில் ஓர்-ரைட் மாட்டிக்கொள்ளட்டும். கை பழகிய பிறகு திருகாணியைத் தளர்த்தி அதைக் கழற்றிவிடலாம். ஓர்லாக்கை மாற்ற வேண்டிய செலவு இல்லை. நீண்ட ஆறு, எதிர்காற்று, குறுகிய சந்து என்று போகிறவருக்குக் கடைசியில் திறந்த ஓர்லாக்தான் பொருந்தும். கனத்த சுமையோடு எதிர்த்து வலிப்பதே முக்கியம் என்று நினைப்பவர் பின்-கிளிப்புக்குப் போகலாம்; முளைக்கு மூடி போட்டு, கிளிப்பை ஒவ்வொரு பருவமும் சோதித்து, தேய்ந்ததைத் தயங்காமல் மாற்ற வேண்டும். எதை வாங்கினாலும் முதலில் அமைதியான நீரில் ஒரு நாள் வலித்துப் பாருங்கள். துடுப்பை வேண்டுமென்றே கழற்றி, எவ்வளவு நேரத்தில் திரும்ப மாட்ட முடிகிறது என்று பாருங்கள். பத்து நொடிக்கு மேல் ஆனால் பெரிய பாய்ச்சலுக்கு நீங்கள் இன்னும் தயாராகவில்லை.