புதிதாகக் கடை வைப்பவர் முதலில் யாரைக் கேட்க வேண்டும்?

நமது சங்க அலுவலகத்திற்கு அண்மையில் ஓர் இளைஞர் வந்தார். ஒரு மளிகைக் கடையில் ஒன்பது ஆண்டுகள் பொட்டலம் கட்டி, எடை போட்டு, பிறகு கல்லாவிலும் உட்கார்ந்து பழகியவர். சொந்தமாகக் கடை போட இடம் பார்த்துவிட்டார். கையில் சேமிப்பு 2 லட்சம் ரூபாய். இன்னும் 1 லட்சம் தேவை. "பேங்க் கடனும் மானியமும் வாங்கித் தருகிறேன்" என்று சொன்ன தரகர் ஒருவரிடம் 5,000 ரூபாய் கொடுத்திருந்தார். அதற்கு ஈடாக அவர் கையில் இருந்தது ஒரே ஒரு தாள், உத்யம் பதிவுச் சான்றிதழ். ஆதார் எண்ணைக் கொண்டு எவரும் கட்டணமின்றிப் பெறக்கூடிய சான்றிதழ் அது.

போன பணத்தில் ஒரு சிப்பம் அரிசியும் ஒரு டின் எண்ணெயும் வாங்கிக் கடையில் வைத்திருக்கலாம். கேட்க வேண்டிய இடம் தெரியாததால் வந்த நஷ்டம் இது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் நம் கடைப் பையன்களுக்கும் இப்படி நேராதிருக்க, விவரங்களைக் கீழே தருகிறோம்.

மார்க்கெட்டில் கேட்க வேண்டியவை

முதல் ஆலோசனை வேலை பார்த்த கடையிலும் மண்டியிலும்தான் கிடைக்கும். "அண்ணாச்சி, அந்தத் தெருவில் கடை எடுபடுமா?" என்று மட்டும் கேட்டால் போதாது. அந்த இடத்தில் முன்பு யார் கடை வைத்திருந்தார், ஏன் எடுத்தார், அந்தப் பகுதியில் மாதச் சம்பளக்காரர் அதிகமா, தினக்கூலி அதிகமா, கடன் நோட்டு எவ்வளவு நீளும் என்று கேட்க வேண்டும். சாதாரண நாள் ஒன்றும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் எதிரே நின்று, எத்தனை பேர் வந்து போகிறார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

மண்டியில் ரொக்கத்துக்கு ஒரு விலை, தவணைக்கு ஒரு விலை. 1,000 ரூபாய்ச் சரக்குக்கு 15 நாள் தவணையில் 20 ரூபாய் கூடுதல் என்றால் சிறிதாகத் தோன்றும். மாதக் கணக்கில் அது நூற்றுக்கு நான்கு வட்டி. லாபம் கொள்முதலிலேயே இருக்கிறது என்று நம் பெரியவர்கள் சொல்வது இதனால்தான்.

ஒரு தாளில் கணக்கு

அந்த இளைஞருடன் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டோம். தினம் 8,000 ரூபாய் வியாபாரம், சராசரி லாபம் நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொண்டால் மாதம் 24,000 ரூபாய். கடை வாடகை 6,000, மின் கட்டணம் 1,500, பகுதி நேர ஆள் சம்பளம் 6,000, வண்டி வாடகை, பை, சேதாரம் 2,500 ஆக 16,000 போனால் மிச்சம் 8,000.

தேவைப்படும் 1 லட்சத்தை மாதம் நூற்றுக்குப் பத்து வட்டிக்கு வெளியில் வாங்கினால் வட்டி மட்டும் 10,000. அசலில் ஒரு ரூபாய் அடையும் முன்பே மாதம் 2,000 கைநஷ்டம். அதே தொகை வங்கியில் ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் மூன்று ஆண்டுத் தவணைக்குக் கிடைத்தால், அசலும் வட்டியும் சேர்ந்து மாதம் சுமார் 3,320 ரூபாய்.

அப்போதும் குடும்பத்துக்கு மிஞ்சுவது 4,680தான். தினம் 12,000 வியாபாரம் ஆனால் சுமார் 16,700 மிஞ்சும். ஆகவே கடன் கிடைக்குமா என்பதற்கு முன்னால், அந்தத் தெருவில் 12,000 ஓடுமா என்பதே கேள்வி. ஓடும் வரையிலான மாதங்களுக்குக் குடும்பச் செலவைத் தனியாக எடுத்து வைக்காமல் கடையைத் திறக்கக் கூடாது.

கடனும் மானியமும்

மாவட்டந்தோறும் மாவட்டத் தொழில் மையம் இருக்கிறது. அரசுத் திட்டங்களைப் பற்றி அங்கே நேரில் கேட்கலாம், தரகர் தேவையில்லை. வேலையற்ற இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் (யு.ஒய்.இ.ஜி.பி.) உற்பத்தி, சேவையுடன் வியாபாரத்துக்கும் இடம் உண்டு. நீட்ஸ் திட்டம் உற்பத்திக்கும் சேவைக்கும் உரியது. வயது, படிப்பு, தொகை வரம்புகள் அவ்வப்போது மாறுவதால் விண்ணப்பிக்கும் நாளில் கேட்டுக்கொள்ள வேண்டும். மானியம் கையில் வரும் ரொக்கம் அல்ல, கடன் கணக்கில் சேர்வது என்பதையும் மறக்கக் கூடாது.

2015ஆம் ஆண்டு தொடங்கிய முத்ரா திட்டத்தில் சிறு வியாபாரிகளுக்கு ஈடு இல்லாமல் வங்கிகள் கடன் தருகின்றன. 50,000 வரை சிசு, அதற்கு மேல் 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண். ஆதிதிராவிடர், பழங்குடியினர் தாட்கோவையும், பிற்படுத்தப்பட்டோர் டாப்செட்கோவையும், சிறுபான்மையினர் டாம்கோவையும் அணுகலாம். வங்கிக் கிளையில் காரணம் சொல்லாமல் அலைக்கழித்தால், மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் முறையிடலாம்.

உத்யம் பதிவில் சில்லறை, மொத்த வியாபாரிகள் 2021 ஜூலையில் சேர்க்கப்பட்டனர். முன்னுரிமைக் கடனுக்கு அது உதவும். அந்தத் தாள் மட்டும் கடனும் தராது, மானியமும் தராது.

வங்கிக்குப் போகும்போது ஆதார், பான் அட்டை, கடை வாடகை ஒப்பந்தம், தராசு, அலமாரி, சரக்குக்கான விலைப்புள்ளிகள், மேலே போட்டது போன்ற கணக்கு ஆகியவற்றை எடுத்துச் செல்லவும். நகைக்கடன் பாக்கி இருந்தால் மறைக்க வேண்டாம், வங்கிக்குத் தெரிந்துவிடும்.

கணக்கு எழுதவும் தொழில் நடத்தவும் கற்க விரும்புவோருக்கு, வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் உணவும் தங்குமிடமும் தந்து இலவசமாகப் பயிற்சி அளிக்கின்றன.

பூட்டைத் திறக்கும் முன்

உணவுப் பொருள் விற்போர் அனைவருக்கும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு அல்லது உரிமம் கட்டாயம். உள்ளாட்சியில் தொழில் உரிமம் பெற வேண்டும். தராசுக்குத் தொழிலாளர் துறையின் முத்திரை வேண்டும். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் மறுமுத்திரை இட வேண்டும். இதைத் தவறவிட்டு அபராதம் கட்டுவோர் நம்மிலேயே உண்டு.

சரக்கு மட்டும் விற்பவருக்குத் தமிழகத்தில் ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு அவசியம். வரியில்லாத அரிசி, பருப்பு விற்பனையும் அந்த 40 லட்சத்தில் அடங்கும். தினம் 12,000 என்றால் ஆண்டுக்கு 43 லட்சம் ஆகிறது. 1.5 கோடி வரை இணக்க வரி முறையில் நூற்றுக்கு ஒன்று கட்டலாம். அதை வாடிக்கையாளரிடம் வாங்கக் கூடாது. நம் லாபத்திலிருந்தே போகும். அதையும் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும். வணிகர் நல வாரியத்தில் உறுப்பினராகவும் சேர்ந்துகொள்வது நல்லது.

அந்த இளைஞர் தாளை மடித்து வைத்துக்கொண்டு, பார்த்த இடத்துக்கு முன்பணம் கொடுப்பதை ஒரு மாதம் தள்ளிப் போட்டார். அவருடைய முதலாளி தன் மண்டிக்காரரிடம் அவரை நேரில் அறிமுகம் செய்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். நம்மில் பெரும்பாலோர் இப்படி ஒருவர் கைபிடித்து மேலே வந்தவர்களே. நம்மிடம் வேலை பார்த்தவர் கடை வைத்தால் போட்டி வந்துவிடும் என்று வாயை மூடிக்கொள்ளாமல், தெரிந்ததைச் சொல்லி அனுப்புவோம். சந்தேகம் உள்ளவர்கள் சங்க அலுவலகத்திற்குத் தாளும் பேனாவுமாக வரலாம்.