எந்தக் குழந்தைக்கு எந்த நூல்?



உங்கள் வீட்டில் தம்பியோ தங்கையோ இருக்கலாம். அண்டை வீட்டில் சிறுவர் சிலர் இருக்கலாம். அவர்களுக்கு ஒரு புத்தகம் வாங்கித் தரவேண்டும் என்னும் நல்லெண்ணம் உங்களுக்கு எழுவதும் இயல்பே. ஆனால், எந்தப் புத்தகத்தை வாங்குவது? பல வீடுகளில் இவ்வினாவுக்கு விடை கூறத் தக்கவர் நீங்கள் ஒருவரே. தாம் படிக்க வாய்ப்பின்றி உழைத்து உங்களைப் படிக்க வைத்த பெற்றோரின் வீட்டில் முதல் நூலகர் நீங்கள்தாம். ஆதலின் இப்பேச்சை உங்களை நோக்கியே அமைத்துக்கொண்டேன்.

சீர்காழியில் 1892-ஆம் ஆண்டு பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பணியாற்றியவர் சீ. இரா. அரங்கநாதன். அவர் 1931-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலக விதிகள் ஐந்து. ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் ஒன்று உண்டு. ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் உண்டு என்பன அவற்றுள் இரண்டு. குழந்தைக்கு நூல் தேர்வோர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியவை இவையே. நூல் நல்லதா என்று கேட்பது மட்டும் போதாது. இந்தக் குழந்தைக்கு இன்று உரியதா என்றும் கேட்க வேண்டும்.

அட்டையில் அச்சிட்ட வயது நமக்கு ஒரு வழிகாட்டி. அதுவே அளவுகோல் ஆகிவிடாது. ஐந்தாம் வகுப்பில் ஒரே பலகையில் அமர்ந்திருக்கும் இருவருள் ஒருவன் நூறு பக்க நாவலை முடித்திருப்பான். மற்றொருவன் எழுத்துக் கூட்டிக்கொண்டிருப்பான். தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறை 2023-ஆம் ஆண்டு தொடங்கிய வாசிப்பு இயக்கம் தன் சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று படிக்கும் திறனைக் கொண்டே பகுத்தது. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்னும் இணையத் தளமும் கதைகளை நான்கு படிகளாக வகுத்துள்ளது.

படியை அறிவதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு பக்கத்தைக் குழந்தையே படிக்கட்டும். பொருள் விளங்காமல் நிற்கும் சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கட்டும். பக்கம் முடியுமுன் ஐந்து விரலும் மடங்கிவிட்டால், அந்நூல் இப்போதைக்குக் கடினம். அதைத் தள்ளிவிட வேண்டா. நீங்கள் படித்துக் காட்டுங்கள்.

படித்துக் காட்டுதல் தமிழ்க் குழந்தைக்கு இன்றியமையாதது. ஏன்? நாம் பேசும் தமிழ் ஒன்று. அச்சில் காணும் தமிழ் வேறொன்று. 'வந்துட்டான்' என்று பேசிப் பழகிய குழந்தை, 'வந்துவிட்டான்' என்று எழுதியிருப்பதைக் காண்கிறது. எழுத்தைக் கூட்டும் உழைப்போடு அயலான சொல்வடிவத்தை அறியும் உழைப்பும் சேர்ந்துகொள்கிறது. காதால் பலமுறை கேட்ட நடையே பின்னர்க் கண்ணுக்கு எளிதாகும். ஆகவே, மூன்று வயது முதல் ஆறு வயது வரை படங்கள் நிறைந்த நூல்களை மடியில் வைத்துப் படித்துக் காட்ட வேண்டும். சென்னையில் 1996-இல் தோன்றிய தூலிகா பதிப்பகம் இவ்வகை நூல்களைத் தமிழிலும் பிற மொழிகளிலும் வெளியிட்டு வருகிறது. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் பாடல்களையும் இப்பருவத்தில் விட்டுவிடலாகாது. நூல் பழையதாயினும், கேட்கும் குழந்தைக்குப் பாட்டு புதியதே.

ஆறு முதல் எட்டு வயது வரை, பெரிய எழுத்தும் சிறிய வாக்கியமும் உடைய கதைகள் வேண்டும். ஒரே இருப்பில் முடிக்கத்தக்க நூலாக இருத்தல் நன்று. 'நானே ஒரு புத்தகத்தைப் படித்து முடித்தேன்' என்னும் பெருமிதமே அடுத்த நூலைத் தேட வைக்கும்.

எட்டு முதல் பதினொன்று வரையுள்ள பருவமே அபாயமானது. இப்போது குழந்தைக்குப் படிக்கத் தெரியும். ஆனால் படப் புத்தகம் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். பெரிய நூலோ மலைபோல் நிற்கும். இடையே பாலம் இல்லையேல், பாடநூலைத் தவிர வேறு நூலைத் தொடாத மனிதன் இங்கேதான் உருவாகிறான். நான் பணிபுரிந்த காலத்தில், எழுத்தறியாமல் படிப்பை வெறுத்த பிள்ளைகளைக் காட்டிலும், எழுத்தறிந்தபின் நூலைக் கைவிட்ட பிள்ளைகளையே மிகுதியாகக் கண்டேன். இவர்களுக்குச் சிறு அத்தியாயங்களாகப் பகுத்த கதைகள் ஏற்றவை. வேதாளம் அறிவியல் வினாக்களைத் தொடுக்கும் இரா. நடராசனின் 'விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்' இத்தகையது. 2014-இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது பெற்றது. 1987-இல் தொடங்கப்பெற்ற 'துளிர்' அறிவியல் இதழின் பழைய தொகுதிகள் கிடைத்தாலும் வாங்கிக் கொடுங்கள். கதையை விரும்பாத குழந்தை வினாவை விரும்பக்கூடும்.

பதினொன்று முதல் பதினான்கு வயதினர் உண்மையை நாடுவர். உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', 2023-இல் மேற்கூறிய விருதைப் பெற்ற நாவல். கீழடியின் தொல்வாழ்வைக் கதையாக்குவது. ஆதன் என்னும் பெயர் கீழடியில் கிடைத்த பானையோட்டிலேயே பொறிக்கப்பட்டுள்ளது என்று சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். நூலைக் கீழே வைக்க மாட்டார்கள். 2020-இல் விருது பெற்ற யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', தகாத தொடுகையைப் பற்றி வாய்திறக்க அஞ்சும் குழந்தைகளுக்குத் துணிவூட்டுவது. இதை நீங்கள் முதலில் படியுங்கள். பின்பு கொடுத்து, குழந்தை பேச வந்தால் கேட்க அருகில் இருங்கள். ஜப்பானியப் பெண்மணி தெத்சுகோ குரோயாநாகி தம் பள்ளி வாழ்வை எழுதிய 'டோட்டோ சான்' நூலும் தமிழில் உண்டு. பழைய ரயில் பெட்டிகளே அப்பள்ளியின் வகுப்பறைகள். சேர வந்த சிறுமியின் பேச்சை நான்கு மணி நேரம் கேட்டிருந்தார் அதன் தலைமையாசிரியர். ஆசிரியப் பணியை விரும்பும் கல்லூரி மாணவரும் படிக்க வேண்டிய நூல் இது.

பதினான்கு வயதுக்கு மேற்பட்டோருக்குக் குழந்தை நூல் என்றும் பெரியோர் நூல் என்றும் வேலி வேண்டா. வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் பிரெஞ்சிலிருந்து நேரே பெயர்த்த 'குட்டி இளவரசன்' அவ்வேலியைத் தாண்டிய நூல். அதைப் பதினைந்தில் ஒருமுறையும் இருபதில் ஒருமுறையும் படித்து, மாறியது நூலா நீங்களா என்று பாருங்கள்.

இறுதியாக இரண்டு சொற்கள். நூலைக் கொடுத்தபின் தேர்வு நடத்தாதீர்கள். 'இக்கதையின் நீதி யாது?' என்று கேட்டவுடன் கதை பாடமாகிவிடும். 'உனக்கு எந்த இடம் பிடித்தது?' என்று கேட்டால் போதும். பிடிக்காத நூலைப் பாதியில் விட்டுவிடும் உரிமையையும் குழந்தைக்குக் கொடுங்கள். விலை கொடுத்து வாங்க இயலாதோர் வருந்த வேண்டுவதில்லை. சென்னையில் 2010-இல் திறக்கப்பெற்ற அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023-இல் திறக்கப்பெற்ற கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கெனத் தனிப் பகுதிகள் உண்டு. உங்கள் ஊர்க் கிளை நூலகத்திலும் ஓர் அலமாரியேனும் இருக்கும். வரும் விடுமுறையில் தம்பி தங்கையரை அங்கே அழைத்துச் செல்லுங்கள். நூலை நீங்கள் எடுத்துக் கொடுக்காமல், அவர்கள் கை எந்த நூலை நோக்கி நீள்கிறது என்று சற்றுப் பொறுத்துப் பாருங்கள். நீங்கள் தேட வேண்டிய அடுத்த நூல் எது என்பதை அந்தக் கையே உங்களுக்குக் காட்டிவிடும்.