வலைக்குள் அடங்கிய ஜுரம்

நாட்டின் மக்கள்தொகையில் ஒடிசாவின் பங்கு 4 சதவீதம்கூட இல்லை. ஆனால் 2016-ல் நாட்டின் மலேரியா நோயாளிகளில் 40 சதவீதம் பேர் அங்கேதான் இருந்தார்கள்: 4.4 லட்சம் பேர். அரசுக் கணக்கில் சாவு 77. கணக்கில் ஏறாதவை வேறு. இரண்டே ஆண்டுகளில், 2018-ல், நோயாளிகள் 66,000 ஆகவும் சாவு 4 ஆகவும் குறைந்தன.

இடையில் நடந்தது, 2017-ல் வீடு வீடாக இலவசமாக வழங்கப்பட்ட சுமார் 1.1 கோடி கொசுவலைகள். இவை கடையில் வாங்கும் சாதாரண வலைகள் அல்ல. நூலிழையிலேயே பூச்சிமருந்து கலந்தவை. இருபது முறை துவைத்தாலும் வீரியம் போகாது. வலைமீது உட்காரும் கொசு செத்து விழும். கோராபுட், மல்கான்கிரி மலைகளில் நோயைப் பரப்பும் அனாபிலிஸ் ஃபுளுவியாட்டிலிஸ் கொசு, ஓடைத் தண்ணீரில் பிறந்து, நள்ளிரவில் வீட்டுக்குள் நுழைந்து மனித ரத்தத்தைத் தேடுவது. அதற்குச் சரியான எதிரி வலைதான்.

வலை மட்டுமே போதாது என்பதையும் மாநில அரசு உணர்ந்திருந்தது. அதே ஆண்டு தொடங்கிய 'தமன்' திட்டத்தில், எளிதில் போக முடியாத கிராமங்களில் மழைக்கு முன்பும் பின்பும் முகாம்கள். ஜுரம் இருக்கிறதோ இல்லையோ, எல்லோருக்கும் விரல்நுனியில் ரத்தப் பரிசோதனை. ஆரோக்கியமாக நடமாடுகிறவர்கள் பலரின் ரத்தத்திலும் கிருமி இருந்தது. கொசு இவர்களைக் கடித்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக் குழந்தையைக் கடிக்கிறது. முன்பு ரத்தம் தடவிய கண்ணாடித் துண்டு தொலைவிலுள்ள பரிசோதனைக் கூடத்துக்குப் போய், முடிவு வர நாட்களாகும். மூளையைத் தாக்கும் ஃபால்சிபாரம் வகை அதுவரை காத்திருப்பதில்லை. இப்போது கிராமத்து ஆஷா ஊழியரே அரை மணி நேரத்துக்குள் சோதித்து மாத்திரை கொடுத்துவிடுகிறார்.

சிக்கல் பயன்பாட்டில்தான். கோடைப் புழுக்கத்தில் வலைக்குள் யார் படுப்பார்கள்? வாசலில் படுக்கிறார்கள். விளைந்த பயிருக்குக் காவலாக இரவெல்லாம் வயலில் கிடப்பவர் வலையை எதில் கட்டுவார்? ஒற்றை அறை வீட்டில் மூன்று வலை கட்ட இடமேது? மீன்பிடிக்கப் போன வலைகளும் உண்டு. கொடுத்த வலை கட்டப்பட்டிருக்கிறதா என்று மாலையில் வீடேறிப் பார்ப்பது, வலையைக் கொடுப்பதைவிடப் பெரிய வேலை.

வலைக்கு ஆயுள் சுமார் மூன்று ஆண்டுகள். அதன்பின் மருந்து தீர்ந்துவிடும். புதிது தர வேண்டும், முகாம்களும் தொடர வேண்டும். 2023-ல் ஒடிசாவில் நோயாளிகள் எண்ணிக்கை மீண்டும் 40,000-ஐத் தாண்டியது. 2030-க்குள் மலேரியாவை ஒழிப்பதாக நாடு குறித்துவைத்திருக்கும் கெடுவுக்கு அப்போது மீதமிருந்தது ஏழே ஆண்டுகள்.