பீப்பாயும் காகிதமும்

அரிசி மூட்டை ஏற்றிய லாரி ஒன்று ராஜ்யத்தின் எல்லையைத் தாண்டிப் போகிறது. அதன் பின்னால் ஒரு ஜவுளி லாரி. அதுவும் நிற்காமல் போய் விடுகிறது. மூன்றாவதாக வரும் லாரி மட்டும் ஓரமாக ஒதுங்கி நிற்கிறது. டிரைவர் தம் தலைக்கு மேலுள்ள பலகையைத் துழாவி, ஓர் உறையை எடுத்துக் கொண்டு கீழே இறங்குகிறார். சோதனைச் சாவடி உத்தியோகஸ்தர் உறைக்குள்ளிருக்கும் காகிதத்தைப் படிக்கிறார். லாரியின் நம்பரை ஒத்துப் பார்க்கிறார். பின்புறக் கதவில் வைத்திருக்கும் முத்திரை கலையாமல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறார். அந்த லாரியில் இருப்பது மது.

"ஒரே தேசத்துக்குள் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகும் சரக்குக்கு இத்தனை பரிசோதனை எதற்கு? அதிலும், நம் வீட்டில் குடிப்பவர் யாரும் இல்லாதபோது இந்தக் காகிதத்தைப் பற்றி நமக்கு என்ன கவலை?" என்று நேயர்கள் கேட்கலாம். இரண்டுமே நியாயமான கேள்விகள். முதல் கேள்விக்குப் பதில் சொன்னால் இரண்டாவதற்கும் தானே பதில் கிடைத்து விடும்.

நமது அரசியல் சட்டம் 1950-ம் வருஷம் ஜனவரி 26-ந் தேதி அமுலுக்கு வந்தது. எந்தெந்த விஷயம் மத்திய சர்க்காரைச் சேர்ந்தது, எது ராஜ்ய சர்க்காரைச் சேர்ந்தது என்று அதில் ஜாப்தாக்கள் இருக்கின்றன. ராஜ்யங்களுக்கு உரிய ஜாப்தாவில் 8-வது விஷயம், போதை தரும் மதுவகைகள். அதைச் சொல்லும்போது வெறுமனே "மது" என்று சொல்லி நிறுத்தவில்லை. உற்பத்தி செய்வது, வைத்திருப்பது, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு போவது, வாங்குவது, விற்பது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறது. கொண்டு போவது தனி விஷயம். விற்க லைசென்ஸ் வைத்திருப்பவர்கூடச் சரக்கைத் தெருவில் இறக்கி நகர்த்த வேண்டுமானால் அதற்கென்று வேறு அனுமதி பெற வேண்டும்.

இந்தச் சட்டங்களின் பாஷையும் விசித்திரமானது. புதுச்சேரியிலிருந்து விழுப்புரத்துக்கு ஒரு புட்டி வந்தால் அதன் பெயர் "இறக்குமதி"! கப்பலும் இல்லை, கடலும் இல்லை. நாற்பது கிலோ மீட்டர் ரஸ்தாதான் நடுவில். ஆனாலும் மது சம்பந்தப்பட்ட வரையில் ஒவ்வொரு ராஜ்யமும் ஒரு தனித் தேசம் மாதிரிதான். 2017-ம் வருஷம் ஜூலை மாதத்தில் தேசம் முழுவதற்கும் ஒரே சரக்கு வரி வந்தபோது எத்தனையோ வரிச் சாவடிகள் மூடப்பட்டன. குடிப்பதற்கான மது மட்டும் அந்த வரியின் கீழ் வரவில்லை. ஆகையால்தான் அரிசி லாரி போய் விடுகிறது. மது லாரி நிற்கிறது.

தமிழ்நாட்டின் கதை இன்னும் சுவாரஸ்யமானது. 1937-ம் வருஷத்தில் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதம மந்திரியாக இருந்தபோது மதுவிலக்குச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வருஷம் அக்டோபர் 1-ந் தேதி சேலம் ஜில்லாவில் அது முதன் முதலாக அமுலுக்கு வந்தது. அதற்குப் பிறகு தடை நீங்கியதும் உண்டு, மறுபடி வந்ததும் உண்டு, மீண்டும் நீங்கியதும் உண்டு. ஆனால் சட்டம் மட்டும் இன்று வரை அதே 1937-ம் வருஷத்துச் சட்டந்தான். மதுவைக் கொண்டு வருவதும், கொண்டு போவதும், வைத்திருப்பதும் குற்றம் என்று அதன் 4-வது பிரிவு சொல்கிறது. 1983-ல் ஏற்பட்டு, 2003 முதல் சில்லறைக் கடைகளையும் நடத்தி வரும் சர்க்கார் வாணிபக் கழகத்தின் லாரிகள் எல்லாம், அந்தத் தடைக்கு அளிக்கப்படும் விலக்கின் பேரில்தான் ஓடுகின்றன. சட்டத்தின் கண்ணில் பர்மிட் என்பது வியாபாரிக்குள்ள உரிமை அல்ல. குற்றமாகக் கூடிய ஒரு காரியத்தை, இந்த அளவில், இந்த வழியில், இந்தத் தேதிக்குள் செய்து கொள்ளலாம் என்று கொடுக்கும் சலுகை.

* * *

அந்தக் காகிதத்தில் என்னதான் எழுதியிருக்கிறது? அனுப்புகிறவர் யார், பெறுகிறவர் யார், சரக்கு எத்தனை லிட்டர், அதன் வலிமை என்ன, வண்டியின் நம்பர் என்ன, எந்த வழியாகப் போக வேண்டும், எந்தத் தேதியோடு அனுமதி காலாவதியாகும் என்பவைதான். சரக்கு புறப்படும் முன்பே தீர்வையைக் கட்ட வேண்டும். அல்லது கட்டுவதாக ஜாமீன் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

நேயர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இனிமேல்தான் வருகிறது. சரக்கு போய்ச் சேர்ந்ததும், அங்குள்ள உத்தியோகஸ்தர் அதை அளந்து பார்த்து, "இவ்வளவு வந்து சேர்ந்தது" என்று ஓர் அத்தாட்சிப் பத்திரம் எழுதிப் புறப்பட்ட ஊருக்கு அனுப்ப வேண்டும். அது திரும்பி வந்தால்தான் ஜாமீன் விடுதலையாகும். அளவு குறைந்திருந்தால் விளக்கம் சொல்ல வேண்டும். சாராயச் சத்து ஆவியாகக் கூடியதாகையால், பீப்பாயிலும் டாங்கிலும் போகும் சரக்குக்கு வழியில் சிறிது குறையலாம் என்று விதிகளே கணக்கு வைத்திருக்கின்றன. அந்தச் சிறிதுக்கு மேல் குறைந்தால், அது காற்றில் போகவில்லை, கையில் போயிருக்கிறது என்று அர்த்தம்.

மதுவிலக்கு உள்ள ராஜ்யத்தின் வழியே போகும் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இன்னும் கடுமை. 1960-ல் தனி ராஜ்யமான நாள் முதல் குஜராத்தில் மதுவிலக்கு இருந்து வருகிறது. ராஜஸ்தானத்திலிருந்து மகாராஷ்டிரத்துக்குப் போகும் லாரி அதன் வழியே போக வேண்டுமானால் அதற்கென்று தனி அனுமதி பெற வேண்டும். 2016-ம் வருஷம் ஏப்ரலில் பீகாரும் மதுவை விலக்கியது. அங்கே ஊடே போகும் லாரிகளுக்கு மின்சாரப் பூட்டு மாட்டி அனுப்புகிறார்கள். எல்லையில் மாட்டிய பூட்டு மறு எல்லையில்தான் திறக்க வேண்டும். ஒருவர் குடிக்கலாம் என்கிறார். அண்டை வீட்டுக்காரர் கூடாது என்கிறார். இருவருக்கும் ஒரே பாட்டை. சண்டையில்லாமல் காலம் தள்ள அந்தப் பூட்டும் காகிதமும் உதவுகின்றன.

* * *

இதுவரை சொன்னதெல்லாம் வரியையும் கொள்கையையும் பற்றியது. இனிச் சொல்லப் போவது உயிரைப் பற்றியது.

சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கழிவுப் பாகிலிருந்து எரிசாராயம் இறக்குகிறார்கள். அதே சரக்கு மதுவாகவும் ஆகலாம். மருந்துக்கும், ரசாயனத் தொழிலுக்கும், இப்போது பெட்ரோலுடன் கலப்பதற்கும் போகலாம். தொழிலுக்குப் போகும் சாராயத்தை யாரும் குடித்து விடாதபடி அதில் கெட்ட வஸ்துக்களைக் கலந்து அனுப்புகிறார்கள். இப்படிப்பட்ட தொழிற் சாராயத்தின் மேல் ராஜ்யங்களுக்கு எவ்வளவு அதிகாரம் என்று வெகு காலம் வழக்கு நடந்தது. அது ராஜ்யங்களின் 8-வது விஷயத்தில் சேராது என்ற ரீதியில் சுப்ரீம் கோர்ட்டின் ஏழு நீதிபதிகள் 1989-ல் தீர்ப்புச் செய்தார்கள். ஒன்பது நீதிபதிகள் கூடி, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், 2024-ம் வருஷம் அக்டோபர் 23-ந் தேதி அதை மாற்றினார்கள். தொழிற் சாராயமும் "போதை தரும் மது" என்பதில் அடங்கும். அது தவறான வழியில் திரும்பாதபடி பார்த்துக் கொள்ளும் அதிகாரம் ராஜ்யங்களுக்கு உண்டு என்பது இப்போதைய நிலை.

இதனினும் கொடியது ஒன்று உண்டு. மெதனால் என்று அதற்குப் பெயர். அது குடிப்பதற்கு ஆன சரக்கே அல்ல. வர்ணம், வார்னிஷ், ரசாயனப் பொருள்கள் முதலியவற்றுக்கு வேண்டியது. தண்ணீரைப் போலவே நிறமற்றது. மணமும் சாராயத்தைப் போன்றதே. நாக்கினால் வித்தியாசம் கண்டு பிடிக்க முடியாது. வயிற்றுக்குள் போனதும் உடனே ஒன்றும் செய்வதில்லை. பல மணி நேரம் கழித்து, ஈரல் அதை மாற்றி மாற்றி பார்மிக் அமிலம் ஆக்கிய பிறகுதான் கண் மங்கும், மூச்சு முட்டும். ஒரு சிறிய கரண்டி அளவே பார்வையைப் பறித்து விடக் கூடும்.

2023-ம் வருஷம் மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கற்பட்டு ஜில்லாவிலும் இருபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்கள் குடித்தது சாராயமே அல்ல, தொழிற்சாலைக்குரிய மெதனால் என்று அப்போதே போலீஸ் இலாகா சொல்லிற்று. ஒரு வருஷம் கழித்து, 2024 ஜூன் மாதத்தில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மறுபடியும் மெதனால் கலந்த சாராயம். இந்தத் தடவை இறந்தவர்கள் அறுபதுக்கும் மேல். பெரும்பாலோர் அன்றாடம் கூலி வேலை செய்து பிழைப்பவர்கள். பெண்களும் அவர்களில் உண்டு. தகப்பனையும் தாயையும் ஒரே வாரத்தில் பறி கொடுத்த குழந்தைகளும் உண்டு. அம்மாத முடிவிலேயே சட்டசபை கூடி, 1937-ம் வருஷத்துச் சட்டத்தைத் திருத்தி, உயிர்ச்சேதம் உண்டாக்குகிற கள்ளச் சாராயக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனையும் பத்து லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்க வழி செய்தது.

தண்டனை அவசியந்தான். ஆனால் நாம் யோசித்துப் பார்ப்போம். மெதனால் காட்டில் காய்ச்சுகிற வஸ்து அல்ல. குடிசையில் பானை வைத்து அதைச் செய்ய முடியாது. ஏதோ ஒரு தொழிற்சாலையின் வாயிலிலிருந்து, ஏதோ ஒரு வண்டியில், ஏதோ ஒரு ரஸ்தா வழியாகத்தான் அது புறப்பட்டு வந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அதற்கும் லைசென்ஸ் விதிகள் உண்டு. அவை 1959-ம் வருஷத்திலேயே ஏற்பட்டவை. விதி இல்லாமல் யாரும் சாகவில்லை. புறப்படும்போது எழுதிய காகிதத்தைப் போய்ச் சேர்ந்த அளவோடு ஒத்துப் பார்க்க வேண்டிய இடத்தில் யாரும் ஒத்துப் பார்க்காவிட்டால், காகிதத்தில் பீப்பாய் நிறைந்திருக்கும். கருணாபுரத்தில் டம்ளர் நிறைந்திருக்கும்.

* * *

இன்னொரு புது யாத்திரையும் இப்போது ஆரம்பமாகியிருக்கிறது. அது கடையிலிருந்து வீட்டு வாசலுக்கு. 2020-ம் வருஷத்தில் கொள்ளை நோய்க்காக ஊரடங்கு இருந்தபோது, கடைகளில் கூட்டத்தைத் தவிர்க்க மதுவை வீட்டுக்கே அனுப்புவது பற்றி ராஜ்யங்கள் ஆலோசிக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு மே 8-ந் தேதி சொல்லிற்று. சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், மேற்கு வங்காளம், ஒடிஸா முதலிய ராஜ்யங்கள் அம்மாதமே அனுமதித்தன. அதே மே 8-ந் தேதி சென்னை ஹைகோர்ட்டு தமிழ்நாட்டில் கடைகளை மூடும்படியும், இணைய வழியில் மட்டும் விற்கலாம் என்றும் உத்தரவிட்டது. ஒரு வாரத்தில் சுப்ரீம் கோர்ட்டு அந்த உத்தரவை நிறுத்தி வைக்கவே, கடைகள் மறுபடி திறந்தன.

லாரியில் போகும் ஆயிரம் பெட்டிகளுக்கு வேண்டிய சான்றெல்லாம், சைக்கிளில் போகும் ஒரு புட்டிக்கும் வேண்டியதே. சொல்லப் போனால் அதற்குத்தான் அதிகம் வேண்டும். தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது, கேரளத்தில் 23. வாசலில் கதவைத் திறப்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தால், புட்டியைத் திருப்பிக் கொண்டு போகிற துணிவு, வீட்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் ஓர் இளைஞனுக்கு எப்படி வரும்? அவனுக்கு அந்தத் துணிவைக் கொடுக்கிற விதி இல்லாமல் எந்த ராஜ்யமும் இந்த வழியைத் திறக்கக் கூடாது என்பது நமது அபிப்பிராயம்.

மதுவே வேண்டாம் என்பவர்களும் உண்டு. வேண்டுமானவர்கள் குடித்துக் கொள்ளட்டும் என்பவர்களும் உண்டு. அந்த விவாதம் தீர வெகு நாளாகலாம். அது வரையில் இரு கட்சியாரும் சேர்ந்து கேட்கக் கூடிய கேள்வி ஒன்று இருக்கிறது. நம் ஜில்லாவில் சென்ற மாதம் எத்தனை பர்மிட்டுகள் எழுதப்பட்டன, அவற்றில் எத்தனைக்கு "வந்து சேர்ந்தது" என்ற பதில் திரும்பி வந்தது என்பதுதான் அது. சட்டசபை அங்கத்தினர் ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வரும்போது, குடிக்காத வீட்டுக்காரர்களும் அதைத் தாராளமாகக் கேட்கலாம். கருணாபுரத்துக் குழந்தைகளும் குடிக்காதவர்கள்தானே?